உடையவர் கண்ட ஆசாரம்

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, காஞ்சிக்கு அண்மையிலுள்ள திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கின்றது. அம்மலையில் வாழும் மலையாளிப் பெருமக்கள், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறியவர்கள் என்று வழிவழியாகக் கூறுவர். ஆயினும் மலையில் ஓர் ஆசாரம், சமவெளியில் ஓர் ஆசாரம். கணவனை இழந்தவள் மறுமணம் கொள்வதும், மணமகன் வீட்டார் பரிசம் தருவதும் மலையின் பழைய வழக்கங்கள். சமவெளியிலோ உயர்குலத்தார் கைம்பெண் மணத்தைப் பாவமென்று விலக்கினர். 1856-ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு இடம் தந்தது. வரதட்சிணையைத் தடுக்க 1961-இல் மற்றொரு சட்டம் வேண்டியதாயிற்று. தேசந்தோறும் காலந்தோறும் ஆசாரம் இவ்வாறு மாறுமாயின், மாறாத தர்மம் யாது? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் பகவத் ராமாநுஜர்.

ஸ்ரீபெரும்பூதூரில் 1017-ஆம் ஆண்டில் அவதரித்த இம்மகான், இளமையில் காஞ்சியில் வாழ்ந்தார். அங்கே பேரருளாளனுக்குத் திருவாலவட்டக் கைங்கர்யம் செய்துவந்த திருக்கச்சி நம்பிகள் அந்தணர் அல்லர். அவர் அமுது செய்த சேஷத்தைத் தாம் பெற விரும்பிய ராமாநுஜர், அவரைத் தம் திருமாளிகைக்கு அழைத்தார். இவர் வெளியே சென்றிருந்த வேளையில் நம்பிகள் வந்து உண்டு சென்றார். தேவியாரான தஞ்சமாம்பாள் மிச்சத்தை அகற்றி, இடத்தை மெழுகி, நீராடி, மறுபடியும் சமைத்தார். அவ்வம்மையார் தீயவர் அல்லர்; தம் குலத்துப் பெரியோர் கற்பித்ததையே செய்தார். அக்காலத்தில் அதுவே சுத்தம். ஆனால் அச்சுத்தம் ஓர் அடியாரை அவமதித்தது என்பதே ராமாநுஜரின் உள்ளத்தை வருத்தியது. பின்னர், கிணற்றடியில் நீர்த்துளி தெறித்ததைக் காரணமாக்கித் தம் ஆசாரியரான பெரிய நம்பிகளின் தேவியாரையும் அவர் குலம் சொல்லிப் பழிக்கக் கண்டார். இல்லறம் துறந்து, வரதன் திருமுன்பே துறவறம் ஏற்றார்.

திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்து பெற்ற திருமந்திரப் பொருளை, குருவின் ஆணையையும் கடந்து, விரும்பினார் அனைவருக்கும் வெளியிட்டருளினார் என்பர். மறைத்துக் காப்பதே முறை என்றிருந்த இடத்தில், தமக்கு நரகமே நேரினும் பிறர் உய்வதே முறை என்று கொண்டார். சினந்த குருவும் இறுதியில் அக்கருணையைக் கண்டு நெகிழ்ந்து, எம்பெருமானார் என்று திருநாமம் சாத்தினார்.

திருவரங்கத்தில் காவேரி நீராடச் செல்கையில் முதலியாண்டானின் கையைப் பற்றுவார்; நீராடித் திரும்புகையில் மல்லரான பிள்ளை உறங்காவில்லிதாசரின் கையைப் பற்றுவார். இதனை முணுமுணுத்த சீடர்களுக்கு விடை அவர்கள் செயலிலேயே கிடைத்தது. உலர்த்திய ஆடையில் ஓரங்கள் கிழிக்கப்பட்டிருக்கக் கண்டு அவர்கள் ஒருவரையொருவர் ஏசினர். உறங்காவில்லியின் தேவி பொன்னாச்சியாரோ, உறங்குவதாக எண்ணி நகைகளைக் கழற்ற வந்த அடியார்களுக்கு மறுபுறத்து நகைகளையும் தருவதற்காகத் திரும்பிப் படுத்தார். எது உயர்குலம் என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சோழ நாட்டை நீங்கி மேல்கோட்டையில் எழுந்தருளியிருந்த காலத்தில், செல்வப்பிள்ளையை மீட்டு வரத் துணை நின்ற தீண்டாதாரைத் திருக்குலத்தார் என்று அழைத்து, ஆண்டில் சில நாட்கள் திருக்கோயிலினுள் புகும் உரிமையும் அளித்தார். அவ்வுரிமை சில நாட்களுக்கு மட்டுமே. அக்காலம் தாங்கக்கூடியது அவ்வளவே. அவர் 1137-இல் திருநாட்டுக்கு எழுந்தருளினார். சென்னை மாகாணத்தில் அனைவர்க்கும் ஆலயக் கதவு திறக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வரை எண்ணூறு ஆண்டுகள் சென்றன.

உண்பது, உடுப்பது, மணப்பது ஆகியவற்றின் நியமங்கள் மாறும், மாறியே வந்துள்ளன. அடியாரை இழிவுபடுத்தாமை என்னும் ஒன்றே மாறாதது என்பது உடையவர் திருவுள்ளம். திருவிழாவில் தம் அருகே நிற்பவர் மலையினரோ சமவெளியினரோ, எக்குலத்தவரோ, அவரைப் பாகவதராகக் கண்டு இடம் விட்டு நிற்பதே எம்பெருமானாருக்கு உகந்த ஆராதனமாகும்.