பாரதியாரும் பரலி நெல்லையப்பரும்

கவி சுப்பிரமணிய பாரதியாரின் சரித்திரம் எழுதுவோர் எட்டயபுரத்தையும், காசி வாசத்தையும், ‘இந்தியா’ பத்திரிகையையும் விஸ்தாரமாகச் சொல்வார்கள். 1882 டிசம்பர் 11-ந் தேதி பிறந்து, 39 வயது நிரம்பு முன்பே மறைந்த அப்பெருமானின் வாழ்வில் தபால் மூலமாக நடந்த காரியங்களும் சிறியனவல்ல.

1908-ல் ‘இந்தியா’வின் மீது ராஜத்துவேஷ வழக்கு வந்தபோது பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். பத்து வருஷம் அங்கேயே கழிந்தது. பத்திரிகையும் 1910-ல் நின்றது. வாசகர் ஒருபுறமும் தான் ஒருபுறமுமாகப் பிரிக்கப்பட்ட கவி யாருக்காகப் பாடுவது? எல்லைக்கு இப்பால் அவருக்கு வாய்த்த துணைவர்களில் ஒருவர் பரலி சு. நெல்லையப்பர். வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனியில் வேலை பார்த்தவர், பாரதியாருக்கு ஏழு வயது இளையவர், தாமும் எழுத்தாளர்.

1915 ஜூலை 19-ந் தேதி பாரதியார் இவருக்கு எழுதிய கடிதம் தமிழ் படித்த ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. யாப்பு விசாரம் அதில் இல்லை. தம்பி என்று உரிமையோடு அழைத்து, உள்ளம் விரிய வேண்டும், நின்ற இடத்திலே நில்லாமல் மேலே பறக்க வேண்டும் என்கிறார். ஆணும் பெண்ணும் சமானம் என்பதையும், தொழில், சங்கீதம், சிற்பம், யந்திர சாஸ்திரம் எல்லாம் இங்கே பெருக வேண்டும் என்பதையும் ஊரறிய முழங்கச் சொல்கிறார். வேறொரு பாஷை தமிழை விஞ்சி நிற்பதை அவர் மனம் பொறுக்கவில்லை. புதுக் கவிதை எதைப் பாடவேண்டும் என்று கேட்போருக்கு இதற்குமேல் என்ன விடை வேண்டும்?

எப்படிப் பாடவேண்டும் என்பதை 1912-ல் ‘பாஞ்சாலி சபத’த்தின் முகவுரையிலேயே அவர் தீர்மானித்துவிட்டார்: எளிய பதம், எளிய நடை, ஜனங்கள் விரும்பும் மெட்டு. இதனால் அவரை நாட்டுப்புறத்துக்கு மட்டும் உரியவராகக் கருதுவது தவறு. வால்ட் விட்மனைப் பற்றியும், 1916-ல் ஜப்பானியக் குறுங்கவிதையைப் பற்றியும் தமிழருக்கு எடுத்துச் சொன்னவர் அவரே.

தம்பியும் சும்மா இருக்கவில்லை. 1917-ல் கண்ணன் பாட்டு, நாட்டுப் பாட்டு, பாப்பா பாட்டு, முரசு ஆகியவற்றைச் சென்னையில் அச்சிட்டு வெளியிட்டார். பாரதியாரின் காலத்துக்குப் பின் தமிழ்நாட்டு ஆண்களும் பெண்களும் இவற்றைப் பாடி மகிழ்வார்கள் என்று அப்போதே எழுதினார். கவியின் பெயரைச் சொல்லவே பலர் அஞ்சிய காலம் அது.

1918 நவம்பரில் பாரதியார் எல்லை தாண்டினார், உடனே கைதானார். விடுதலை பெற்றுக் கடையம் சேர்ந்ததும், அதே டிசம்பரில் நெல்லையப்பருக்கு எழுதிய கடிதத்தில் அவருடைய கவலை புஸ்தகங்களைப் பற்றியது. 1920-ல் தம் நூல்களை 40 பிரிவாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடத் திட்டமிட்டு நண்பர்களுக்கு எழுதினார். தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும்போல் அவை வீடுதோறும் விலைபோகும் என்று நம்பினார். பணம் வரவில்லை.

1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியிலிருந்து அவருடைய பூதவுடல் சென்றபோது உடன் வந்தவர் இருபது பேருக்கும் குறைவு. பாடை சுமந்தவர்களில் நெல்லையப்பரும் ஒருவர்.