காவிரிக்கு நீர் மீட்ட காட்டன் துரை

சித்தியவானிலும் லூமுட்டிலும் ஈப்போவிலும் கடை வைத்து வாழ்ந்த நம் முன்னோர் பலர், நாகப்பட்டினம் துறைமுகத்தில் ‘ரஜூலா’ கப்பலேறி பினாங்கில் வந்து இறங்கியவர்கள். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, நாகூர் என்று அவர்கள் விட்டு வந்த ஊர்களைச் சுற்றிலும் நெல் வயல்கள். அந்த வயல்களின் நீர் ஒரு காலத்தில் கைவிட்டுப் போகும் நிலையில் இருந்தது. அதை மீட்டவர்களில் முதன்மையானவர் சர் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலேய எஞ்சினீயர். வேற்று நாட்டவராயினும் அன்னாரின் சரிதையை நாம் அறிந்திருக்க வேண்டும்.

1803ஆம் ஆண்டு மே 15இல் இங்கிலாந்தில் பிறந்தவர். பதினொரு ஆண்மக்களில் பத்தாவது பிள்ளை. பதினெட்டு வயதில் மதராஸுக்கு வந்தார். அடுத்த ஆண்டே பாம்பன் கால்வாயை அளந்து ஆராயும் வேலை கிடைத்தது. நம் மரக்காயர்களின் தோணிகள் காலங்காலமாகப் போய் வந்த கடல் வழி அது. பிறகு முதலாம் பர்மியப் போரில் சேவை செய்தார்.

1828 முதல் காவிரிப் பாசனம் அவர் பொறுப்புக்கு வந்தது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்துகொண்டே போயிற்று. காவிரியின் படுகையோ மணல் சேர்ந்து மேடாகிக்கொண்டே வந்தது. ஆகவே தஞ்சைக்குப் போக வேண்டிய நீர் கொள்ளிடத்தில் இறங்கி, எவருக்கும் பயன்படாமல் கடலில் கலந்தது. வருடந்தோறும் மணலை வாரிப் போட்டுக் குடியானவர்கள் களைத்தார்கள். மணல் வார ஆகும் செலவுக்கு முடிவே இல்லை என்பதைக் காட்டன் கண்டார். கொள்ளிடத்தின் தலைப்பிலேயே ஓர் அணையும், வெகு தூரம் கீழே மற்றோர் அணையும் கட்ட வேண்டுமென்று சர்க்காரிடம் வாதாடினார். 1836இல் இரண்டும் முடிந்தன. மேலணை தஞ்சைக்கு நீரைத் திருப்பியது. கீழணை வீராணம் ஏரிக்கும் சிதம்பரம் பகுதிக்கும் நீர் கொடுத்தது.

ஆழங்காணாத மணலின்மேல் அணை நிற்குமா என்பதுதான் அன்று பெரிய கேள்வி. அதற்கு விடை அவர் கண்முன்னேயே இருந்தது. சோழர் கட்டிய கல்லணை பல நூற்றாண்டுகளாக மணலின்மேல்தான் நின்றது. அதைப் பார்த்தே கற்றுக்கொண்டதாகக் காட்டன் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஆளும் இனத்தார் எதையும் தம் பெயரில் எழுதிக்கொண்ட காலத்தில் இது சிறிய காரியமல்ல.

குறையும் சொல்ல வேண்டும். மேலணை எதிர்பார்த்ததற்கு மேலாகவே வேலை செய்தது. காவிரிக்குள் அளவுக்கு மிஞ்சி நீர் புகவே, 1840களில் அணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் தலைப்பில் ஒரு தடுப்புச் சுவர் கட்டவும் நேர்ந்தது.

கோதாவரியில் தவளேசுவரத்து அணை (1847–1852) அவருடைய பெரும் புகழ். நடுவில் உடல் நலிந்து விடுப்பில் போக, கேப்டன் ஓர் பணியைத் தொடர்ந்து நடத்தினார். உள்ளூர்க்காரரான வீணம் வீரண்ணா அவருக்கு வலக்கை. பஞ்சம் வாட்டிய அந்த மாவட்டம் பிறகு நெற்களஞ்சியம் ஆயிற்று. இன்றும் அங்கே காட்டனுக்குச் சிலைகள் உண்டு.

வியாபாரிகளாகிய நாம் கவனிக்கத் தக்கது கர்நூல்–கடப்பைக் கால்வாய். அவருடைய கொள்கையை நம்பி லண்டனில் ஒரு கம்பெனி திரண்டது. முதலுக்குச் சர்க்கார் வட்டி உத்தரவாதம் தந்தது. கால்வாய் வந்தது, நீரை வாங்க ஆளில்லை. கரிசல் நிலத்துக் குடியானவர்கள் மழையையே நம்பிப் பயிர் செய்தவர்கள். கடைசியில் 1882இல் சர்க்காரே அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. வாடிக்கையாளரைக் கேளாமல் சரக்கு இறக்கியதற்கு ஒப்பான கதை.

ஆயினும் அவர் வாதம் தளரவில்லை. ரயிலுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை நீருக்குச் செலவிடுங்கள் என்பதே அவர் கட்சி. ரயில் தானியத்தை ஏற்றிப் போகும், விளைவிக்காது. 1876–78 பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தபின், 1878இல், எழுபத்தைந்து வயதில், பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் வந்து அதையே சொன்னார். வேடிக்கை என்னவென்றால், மதராஸுக்கு அருகே செங்குன்றத்தில் 1837இல் கல் ஏற்ற இருப்புப்பாதை போட்டவரும் இவரே! நம் பேராக்கிலும் ரயில் 1885இல் தைப்பிங்குக்கு வந்துவிட்டது. கிரியான் வயல்களுக்குப் பெரும் பாசனத் திட்டம் 1906இல்தான் முடிந்தது.

ஓய்வு பெற்றும் அவர் ஓயவில்லை. 1876இல், எழுபத்து மூன்றாம் வயதில், அரபி மொழி கற்போருக்கு ஒரு பாலபாடம் வெளியிட்டார். முப்பது மூலச் சொற்களைக் கொண்டு நூற்றெண்பது சிறு வாக்கியங்கள்; காதால் கேட்டு வாயால் சொல்லிப் பழகும் முறை. ஓதும் பள்ளியில் அலிஃப், பே சொல்லி வளர்ந்த நமக்கு இது வியப்பும் மகிழ்வும் தரும் செய்தி. டார்க்கிங் என்னும் ஊரில் தம் தோட்டத்தை ஆழக் கொத்திக் கோதுமை விளைவித்துப் பார்த்தார். அப்போது புதிதாய்ப் பரவிய மூன்று சக்கர மிதிவண்டியிலும் கிழவருக்குப் பெரும் ஈடுபாடு. 1899 ஜூலை 24இல், தொண்ணூற்றாறாம் வயதில் காலமானார்.

2018 ஆகஸ்டில் வெள்ளம் பெருகியபோது முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. அணைக்கு அப்போது வயது நூற்றெண்பத்திரண்டு. அதன் அருகே புதிய கதவணை எழும்பியது.