எஸ். ஜி. கிட்டப்பா

எஸ். ஜி. கிட்டப்பா (ஆகஸ்ட் 25, 1906 - டிசம்பர் 2, 1933) தமிழ் நாடக மேடையில் பெரும் புகழ் பெற்ற பாடகரும் நடிகரும் ஆவார். செங்கோட்டை கங்காதரய்யர் கிட்டப்பா என்பது இவரது பெயரின் விரிவாகும். தமிழில் பேசும் படங்கள் வேரூன்றும் முன்பே மறைந்துவிட்ட இவர், திரைப்படம் எதிலும் நடித்ததில்லை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் கடைசி வரிசை வரை எட்டிய இவரது குரல் இன்று சில கிராமபோன் இசைத்தட்டுகளின் வழியாக மட்டுமே அறியப்படுகிறது. அத்தட்டுகளைக் கொண்டு இவரை எவ்வளவு மதிப்பிட இயலும் என்பது பழம்பாடல் ரசிகர்களிடையே இன்றளவும் தீராத வழக்காக உள்ளது.

பிறப்பும் சூழலும்

கிட்டப்பா செங்கோட்டையில் கங்காதரய்யர், மீனாட்சி அம்மாள் தம்பதியருக்குப் பிறந்தார். இயற்பெயர் இராமகிருஷ்ணன். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது; 1956 நவம்பரில்தான் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 2019 முதல் சங்கரன்கோவிலோடு சேர்ந்து தென்காசி மாவட்டத்தில் அமைந்துள்ளது.

இவ்வட்டாரத்தில் பாட்டு என்பது அரண்மனைக்கும் சபைக்கும் மட்டும் உரியதாக இருக்கவில்லை. சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், கழுகுமலை முருகன் மீது பாடிய காவடிச்சிந்து, இசை பயிலாதவரும் நடந்துகொண்டே பாடும் பாட்டாகப் பரவியிருந்தது. அவரும் முப்பது வயதை எட்டாமல் 1891 இல் இறந்தார். கீர்த்தனை, சிந்து, விருத்தம், வடநாட்டு மெட்டு ஆகியவற்றைப் பேதமின்றி எடுத்துக்கொண்ட நாடகப் பாடலுக்கு இத்தகைய செவிப்பழக்கம் உள்ள மக்களே அடித்தளமாக அமைந்தனர்.

மேடை வாழ்க்கை

வறுமையான குடும்பத்தின் பிள்ளைகள் பலரைப் போலக் கிட்டப்பாவும் சிறுவனாக இருந்தபோதே நாடகக் குழுவில் சேர்க்கப்பட்டார். சகோதரர்களும் நாடகத் துறையினரே. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867 - 1922) நாடக மரபில் பயிற்சி பெற்ற கிட்டப்பா, பின்னர் கன்னையா கம்பெனியில் சேர்ந்தார். கன்னையா கம்பெனி, பிரமாண்டமான காட்சி அமைப்புகளுக்குப் பெயர் பெற்றது. அங்கு நடத்தப்பட்ட தசாவதாரம் நாடகத்தில் கிட்டப்பா ஏற்ற பரதன் வேடம் பெரிதும் பேசப்பட்டது.

இவர் ஒரு வித்துவானிடம் அமர்ந்து முறையாக இசை கற்றவர் அல்லர் என்பதே பொதுவாகக் கூறப்படும் செய்தி. கேட்டதைப் பிடித்துக்கொள்ளும் செவியும் மேல் ஸ்தாயியில் தளராத சாரீரமும் இவருக்கு முதலாக அமைந்தன. குருகுலப் பயிற்சி இல்லாதவர் என்றாலும், இராகத்தின் உருவம் கலையாமல் விரைந்த பிருகாக்களை உதிர்த்தார் என்பதை இசைத்தட்டைக் கேட்போர் உணரலாம்.

அக்கால ஸ்பெஷல் நாடகத்தின் இயல்பை அறிந்தால்தான் இவரது ஆற்றல் விளங்கும். ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டு, ஒத்திகை இல்லாமலே அன்றிரவு மேடையில் சந்திப்பர். கதையும் அடிப்படைப் பாடல்களும் அனைவருக்கும் தெரிந்தவை. மற்றவை மேடையிலேயே பிறக்கும். வள்ளி திருமணத்தில் வேலனுக்கும் வள்ளிக்கும் நிகழும் தர்க்கம் பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல் எனப் பின்னிரவு வரை நீளும். எதிரில் நிற்பவர் பாடியதைவிட ஒரு படி மேலே செல்ல இயலாதவர் அங்கேயே தோற்றார். ரசிகர்கள் ஒன்ஸ் மோர் கேட்டால் கதை நின்றுவிடும். பாட்டு மீண்டும் தொடங்கும். நாடகத்தைக் காணச் சென்றனர் என்பதைவிடப் பாட்டைக் கேட்கச் சென்றனர் என்பதே பொருந்தும்.

சுந்தராம்பாளுடன்

1926 இல் இலங்கையில் நாடகங்கள் நடத்தச் சென்றபோது, அங்கு ஏற்கனவே புகழுடன் நடித்து வந்த கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளுடன் கிட்டப்பா இணைந்து நடித்தார். கிட்டப்பாவுக்கு எதிரே நின்று பாடுவது எளிதன்று எனச் சுந்தராம்பாளைப் பலர் அச்சுறுத்தியதாகக் கூறப்படுகிறது. ஆனால் மேடையில் அவர் சற்றும் சளைக்கவில்லை. இருவரில் யார் வென்றார் என்று ரசிகர்கள் கட்சி கட்டி வாதிடும் அளவுக்கு இந்த இணை புகழடைந்தது. போட்டியாகத் தொடங்கியது காதலாயிற்று. 1927 இல் இருவரும் மணம் புரிந்தனர்.

கிட்டப்பா ஏற்கனவே மணமானவர். அந்த மணவாழ்வு தொடர்ந்த நிலையிலேயே இந்த இரண்டாம் மணம் நிகழ்ந்தது. இருவருக்கும் பிறந்த குழந்தை நிலைக்கவில்லை. மேடையில் ஒருவரையொருவர் விஞ்சிய இவர்களின் இல்வாழ்க்கை அமைதியாக இருக்கவில்லை. மனக்கசப்பும் பிரிவும் நேர்ந்தன. அக்காலத்தில் இவருக்குச் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் வெளிவந்து பலராலும் படிக்கப்பட்டன. கிட்டப்பாவை உயர்த்திப் பேசும் கட்டுரைகள் பல இந்தப் பகுதியை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. துன்பத்தின் பெரும்பங்கைச் சுந்தராம்பாளே சுமந்தார் என்பதைக் கடிதங்களைப் படிப்போர் மறுக்க இயலாது.

இருவரும் விடுதலை இயக்கத்தில் பற்றுக் கொண்டவர்கள். நாடகத்தின் நடுவே தேசியப் பாடல்களையும் பாடினர்.

இசைத்தட்டுகள்

கிட்டப்பாவின் பாடல்கள் நிமிடத்திற்கு 78 சுற்றுகள் சுழலும் அரக்குத் தட்டுகளில் பதிவு செய்யப்பட்டன. அத்தகைய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். மேடையில் விரும்பிய அளவு விரித்துப் பாடிய விருத்தத்தை அங்கு சுருக்கியே தர வேண்டியிருந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணப் பாடலான காயாத கானகத்தே, தியாகராஜரின் தேவாமிர்தவர்ஷிணி இராகக் கீர்த்தனையான எவரனி ஆகியவை இவரது தட்டுகளில் மிகவும் அறியப்பட்டவை. நாடகப் பாட்டையும் தெலுங்குக் கீர்த்தனையையும் ஒரே பாடகர் ஒரே வகைக் கூட்டத்துக்குப் பாடினார் என்பது கவனிக்கத்தக்கது. சபை ரசிகர், கொட்டகை ரசிகர் என்ற பிரிவைத் தட்டுகள் பெரிதும் பொருட்படுத்தவில்லை. கிராமபோன் வைத்திருந்த கடை வாசலில் நின்றவரும் எவரனியைக் கேட்டார்.

ரசிகர்களின் வழக்கு இத்தட்டுகளைப் பற்றியதே. மேடையில் கேட்ட தலைமுறையினர், தட்டில் உள்ளது கிட்டப்பாவின் நிழல் மட்டுமே என்றனர். தட்டை மட்டும் கேட்ட பிற்காலத்தவரில் சிலருக்கு அக்குரலின் உச்சமும் வேகமும் மிகையாகத் தோன்றின. முதல் தரப்பின் கூற்றை இனி எவராலும் சோதிக்க இயலாது. அவர்கள் ஒருவரும் இல்லை. எனினும் மேடையில் கடைசி வரிசையை எட்டுவதற்காகப் பழகிய குரலை வீட்டு அறையில் அமர்ந்து கேட்கும்போது அது மிகையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஒலிவாங்கி வந்த பின்னரே மெல்லப் பாடுவது ஒரு கலையாக வளர்ந்தது. கிட்டப்பாவை அந்த அளவுகோலால் அளப்பது முறையாகாது. தட்டின் இரைச்சலையும் மீறி ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது என்பதையே இவரது முதன்மையான சிறப்பாகக் கொள்ளலாம்.

மறைவு

உடல்நலம் குன்றிய கிட்டப்பா 1933 டிசம்பர் 2 அன்று செங்கோட்டையில் காலமானார். அப்போது வயது 27. தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் வெளிவந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அடுத்த ஆண்டில் எம். கே. தியாகராஜ பாகவதர் பவளக்கொடி படத்தின் வழியாகத் திரைக்கு வந்தார். நாடகப் பாட்டுக்கிருந்த கூட்டம் திரையரங்குக்கு இடம்பெயர்ந்தது.

மேற்கத்திய ராக் இசை ரசிகர்கள், 27 வயதில் மறைந்த பாடகர்களைத் தனி வரிசையாக நினைவுகூர்வது வழக்கம். ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின் (இருவரும் 1970), ஜிம் மாரிசன் (1971), கர்ட் கோபேன் (1994) ஆகியோர் அவ்வரிசையில் உள்ளனர். வயது ஒன்றே அளவு என்றால் கிட்டப்பா இவர்கள் அனைவருக்கும் மூத்தவர். ஆனால் அவர்களுக்குப் பல மணி நேர ஒலிப்பதிவும் அசையும் படமும் எஞ்சியுள்ளன. இவருக்கு அது வாய்க்கவில்லை.

பின்னர்

கணவர் இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. வெண்ணிற ஆடை பூண்டு, நகைகளைத் துறந்து, ஆண்களுக்கு இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். சில காலம் மேடையிலிருந்தும் விலகியிருந்தார். 1935 இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் நந்தனாராக ஆண் வேடமேற்றார். அப்படத்துக்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய். ஔவையார் (1953) படத்தால் பெரும்புகழ் பெற்றார். 1958 இல் சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினரானார். 1980 இல் மறையும் வரை அந்த வெண்ணிற ஆடையை மாற்றவில்லை.

கிட்டப்பாவின் பாணியைப் பின்பற்றியவர்களுள் சோழவந்தானைச் சேர்ந்த டி. ஆர். மகாலிங்கம் குறிப்பிடத்தக்கவர். 1945 இல் வெளிவந்த ஸ்ரீவள்ளி படத்தில் காயாத கானகத்தே பாடலை இவர் பாடினார். அப்பாடலை இன்று அறிந்தோரில் பெரும்பாலோர் மகாலிங்கத்தின் குரலிலேயே அறிந்துள்ளனர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், திரைப்பதிவில் மெருகும், பழைய தட்டில் எதிரில் நிற்கும் வள்ளியை மடக்க முனையும் வேலனின் அவசரமும் புலப்படும்.