மதீனாவுக்கு ரயில் பாதை அமைத்த மைஸ்னர் பாஷா

உம்றாவுக்குச் சென்றிருந்தபோது மதீனாவின் அன்பரிய்யா பகுதியிலுள்ள பழைய ஹிஜாஸ் ரயில் நிலையத்தைப் பார்த்தேன். இன்று அது ஒரு அருங்காட்சியகம். சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் பற்றி எங்கள் குழுவில் எல்லோரும் அறிந்திருந்தார்கள். பாதையை அமைத்த பொறியியலாளர் யார் என்று கேட்டபோது எவருக்கும் தெரியவில்லை. உண்மையில், அதற்குச் சில காலம் முன்புவரை எனக்கும் தெரியாது.

அவர் ஹைன்ரிஹ் ஆகஸ்ட் மைஸ்னர். 1862 இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்த கிறிஸ்தவர். இளவயதிலேயே உஸ்மானிய நாட்டுக்கு வந்து ரயில் பாதைப் பணிகளில் அனுபவம் பெற்றார். துருக்கி மொழியைச் சரளமாகப் பேசினார்.

ஹிஜாஸ் ரயில்வே வெளிநாட்டுக் கடனில் கட்டப்பட்டதல்ல. சுல்தான் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தார், அரச ஊழியர்களின் சம்பளத்தில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது, குர்பான் தோல் விற்ற காசு கூடச் சேர்ந்தது. இந்திய முஸ்லிம்களும் அள்ளிக் கொடுத்தார்கள். உம்மத்தின் அந்த அமானிதப் பணத்தில் நடந்த வேலைக்குத் தலைமைப் பொறியியலாளராக மைஸ்னர் நியமிக்கப்பட்டார்.

வேலை இலகுவானதல்ல. டமஸ்கஸிலிருந்து மதீனா வரை சுமார் 1,300 கிலோமீற்றர். தண்ணீர் இல்லை, ஆனால் திடீர் வெள்ளம் வந்தால் போட்ட பாதையையே அடித்துச் செல்லும். மண் வெட்டியவர்களில் பெரும்பாலோர் உஸ்மானியப் படைவீரர்கள். 1904 இல் பாதை மஆனை அடைந்தபோது மைஸ்னருக்குப் பாஷா பட்டம் கிடைத்தது. அடுத்த வருடம் ஹைஃபாவிலிருந்து யர்மூக் பள்ளத்தாக்கு வழியாக வந்த கிளைப்பாதையும் முடிந்தது. இனித் தளபாடங்களை இறக்க ஒரு துறைமுகம் கையில் இருந்தது. 1906 இல் தபூக், 1907 இல் அல் உலா.

அங்கே மைஸ்னர் நிற்க வேண்டியதாயிற்று. அதற்கு அப்பால் முஸ்லிமல்லாதவர்கள் செல்ல அன்று அனுமதி இருக்கவில்லை. மீதி இருந்தது ஏறக்குறைய 300 கிலோமீற்றர்தான். ஏழு வருடம் உழைத்த ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆனால் வேலை நிற்கவில்லை. ஆரம்பத்தில் வெளிநாட்டுப் பொறியியலாளர்களை நம்பியிருந்த பணியில், அதற்குள் உஸ்மானிய முஸ்லிம் பொறியியலாளர்கள் கைதேர்ந்திருந்தார்கள். முக்தார் பே தலைமையில் அவர்களே கடைசிப் பகுதியை முடித்தார்கள். 1908 செப்டம்பர் 1 ஆம் திகதி மதீனா நிலையம் திறக்கப்பட்டது. ஒட்டகக் கூட்டம் நாற்பது நாளளவில் கடந்த தூரத்தை ஹாஜிகள் சில நாட்களில் கடந்தார்கள்.

மைஸ்னர் பிறகு பக்தாத் ரயில்வேயிலும், யுத்த காலத்தில் பலஸ்தீனத்தின் தென்பகுதிப் பாதையிலும் பணியாற்றினார். அதே யுத்தத்தில் அவரது ஹிஜாஸ் பாதை குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. பின்னர் குடியரசுத் துருக்கி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1940 இல் இஸ்தான்பூலில் காலமானார். மதீனாவுக்கு ரயில் ஓடுவது அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே நின்று போயிருந்தது.