மைலாப்பூர் புதர்க்காட்டுச் சிறுவன்

சென்னை மைலாப்பூர் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? கபாலீசுவரர் கோயில், தெப்பக்குளம், வரிசையாகக் கடைகள், ஆட்டோக்களின் இரைச்சல்! ஆனால், நூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே புதர்க்காடு இருந்தது என்றால் நம்புவீர்களா? அங்கு நரிகள் இருந்தன. வெளிமான்கள் துள்ளித் திரிந்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் பறவைகள்!

அந்தப் புதர்களுக்கு நடுவே ஒரு சிறுவன் சுற்றித் திரிந்தான். பதினொரு வயதில் அவன் செல்லமாக வளர்த்தது நாய்க்குட்டியை அல்ல, பூனைக்குட்டியையும் அல்ல. ஒரு கீரிப்பிள்ளையை! இந்தியாவே வியந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன்தான் அந்தச் சிறுவன்.

கிருஷ்ணன் நமது நெல்லைச் சீமையின் பிள்ளை. 1912ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். அப்பா அ. மாதவையா, தமிழின் தொடக்க கால நாவல்களில் ஒன்றான 'பத்மாவதி சரித்திர'த்தை எழுதியவர். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். கடைக்குட்டி நமது கிருஷ்ணன்.

1925இல் அப்பா இறந்துவிட்டார். கிருஷ்ணனுக்கு அப்போது வயது பதின்மூன்று. மூத்த அக்கா லட்சுமிதான் அவரை வளர்த்து ஆளாக்கினார்.

1927இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியர் பைசன் அவருக்கு நல்ல வழிகாட்டியாக அமைந்தார். நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் செடிகொடிகளை ஆராயப் போகும்போது கிருஷ்ணனையும் அழைத்துச் செல்வார். பேராசிரியரின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் வரையக் கற்றுக்கொண்டார் கிருஷ்ணன். ஓர் இலையை வரைய வேண்டுமானால் அதன் நரம்பு, விளிம்பு, காம்பு எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்க்க வேண்டும் அல்லவா? அந்தப் பழக்கம் கடைசிவரை அவரைவிட்டுப் போகவில்லை.

ஆனால், தேர்வில் மதிப்பெண்கள் குறைவு! வேலை எளிதில் கிடைக்கவில்லை. சிறு பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார், கேலிச்சித்திரம் வரைந்தார். அதில் கிடைத்த பணம் கொஞ்சம்தான்.

1942இல் ஒரு வாய்ப்பு வந்தது. இன்றைய கர்நாடகத்தில் பெல்லாரிக்கு அருகே சண்டூர் என்ற சிறிய சமஸ்தானம் இருந்தது. அதன் மன்னர் அவருக்கு வேலை கொடுத்தார். ஆசிரியர், நீதிபதி எனப் பல பொறுப்புகள்! மற்ற நேரமெல்லாம் மலையும் காடும்தான். ஆடு மேய்த்தார். கடிதம் கொண்டுபோகும் புறாக்களையும் வளர்த்தார். ஆமாம், புறாத் தபால்தான்!

நாடு விடுதலை பெற்றபின் சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தன. சண்டூரும் இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். இனி யாரிடமும் மாதச் சம்பளத்துக்குப் போவதில்லை, எழுத்தும் புகைப்படமும்தான் வாழ்க்கை என்று முடிவு செய்தார். மனைவி இந்துமதியோடு குடும்பம் நடத்த வேண்டிய நேரத்தில் அது எவ்வளவு துணிச்சலான முடிவு!

1950இல் கொல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' ஆங்கில நாளிதழில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஒரு பகுதி எழுதத் தொடங்கினார். புலி, யானையைப் பற்றி மட்டும் எழுதவில்லை. காக்கை, அணில், மைனா, பல்லி எல்லாமே அவருக்கு முக்கியமானவைதான். நாம் தினமும் பார்த்தும் பார்க்காமல் போகிற உயிர்கள்! ஒன்றிரண்டு ஆண்டுகள் அல்ல, 46 ஆண்டுகள் அந்தப் பகுதியை எழுதினார்.

தமிழிலும் அழகாக எழுதினார். அவரது தமிழ்க் கட்டுரைகள் பின்னர் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக வந்தன.

அந்தக் காலத்தில் காட்டுக்குப் போகிறவர்கள் பலர் துப்பாக்கியோடு போனார்கள். புலியைச் சுட்டு, அதன்மேல் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்வது பெருமையாகக் கருதப்பட்டது. கிருஷ்ணன் கேமராவோடு போனார். யானை முதுகில் ஏறி, மணிக்கணக்கில் காத்திருந்து படம் எடுத்தார். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள்! விலங்குகளைக் காக்க 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு புலிகளைக் காக்கும் திட்டம் தொடங்கியது. அதை வழிநடத்திய குழுவிலும் கிருஷ்ணன் இடம்பெற்றார். 1970இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அழகுக்காக வெளிநாட்டு மரங்களைத் தெருவெங்கும் நடுவது அவருக்குப் பிடிக்காது. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த குல்மோஹர் சிவப்பாகப் பூத்து நம்மை மயக்கும். ஆனால், நம் ஆலமரத்தை நினைத்துப் பாருங்கள். அது பழுத்தால் குயில், மைனா, குக்குறுவான், அணில், வௌவால் என எத்தனை உயிர்களுக்கு விருந்து! மண்ணின் மரம் போனால், அதை நம்பிய உயிர்களும் போய்விடும். மைலாப்பூரின் புதர்க்காடு கண்ணெதிரே மறைந்ததைப் பார்த்தவர் அல்லவா அவர்?

1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18 அன்று, 83ஆம் வயதில் கிருஷ்ணன் மறைந்தார். அவரது கடைசிக் கட்டுரை நாளிதழில் வெளியானதும் அதே நாளில்தான்!

அவர் சிறுவனாக ஓடிய புதர்க்காடு இன்று மைலாப்பூரில் இல்லை. ஆனால், அதைப் போன்ற காட்டின் ஒரு துண்டு கிண்டி தேசியப் பூங்காவாகத் தப்பியிருக்கிறது. மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடம். அதற்குள் இன்றும் வெளிமான்கள் வாழ்கின்றன. பக்கத்திலேயே சிறுவர் பூங்கா. விடுமுறையில் சென்னைக்குப் போனால் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியோடு ஒருநாள் அங்கே போய் வாருங்கள். பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு அடுத்த கூண்டுக்கு ஓடாதீர்கள். ஒரே ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்துப் பத்து நிமிடம் பாருங்கள். என்ன தின்கிறது? எப்படி நடக்கிறது? எதைக் கண்டு பயப்படுகிறது?

சென்னைக்குப் போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் பிள்ளைகளுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை பக்கத்துவீடு மாதிரி! கண்மாய்க் கரையில் கொக்கு நிற்கிறது, தென்னந்தோப்பில் அணில் ஓடுகிறது. கட்டணம் கிடையாது, பூட்டும் கிடையாது. பெரியவர் ஒருவரோடு கரைவரை நடந்து போய், தேதி, இடம், பார்த்த உயிர், அது செய்த வேலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கிருஷ்ணன் வாழ்நாள் முழுவதும் செய்ததும் இதைத்தான்.