குருவில்லாத ஊரில் அணையாத விளக்கு

யூத இல்லங்களில் பாஸ்கா இரவு உணவின்போது, வீட்டின் இளைய பிள்ளை அவ்விரவின் பொருளைக் கேட்பது வழக்கம். எகிப்தின் அடிமைத்தனத்தையும் ஆண்டவர் அளித்த விடுதலையையும் பெற்றோர் எடுத்துரைப்பர். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் தகர்க்கப்பட்டது. பலிபீடமும் பலியும் மறைந்தன. ஆயினும் அம்மக்களின் விசுவாசம் அழியவில்லை. இறைக்கட்டளைகளை வீட்டிலும் வழியிலும் பிள்ளைகளுக்குக் கற்பிக்குமாறு இணைச்சட்ட நூலின் ஆறாம் அதிகாரம் பணித்தவாறே, அது வீட்டிலிருந்து வீட்டுக்குக் கையளிக்கப்பட்டது.

நம் இலங்கைத் திருநாட்டிலும் இத்தகைய சோதனைக்காலம் ஒன்று இருந்தது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டனர், குரு ஒருவருக்குப் புகலிடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. குருவும் திருப்பலியும் இன்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன. அன்று பிறந்த குழந்தைகள் தாமே பெற்றோராயினர்.

அம்மக்களைத் தேடி வந்தவரே புனித யோசேவ் வாஸ் அடிகளார். 1651இல் கோவாவின் பெனாலிம் ஊரில் பிறந்து, 1676இல் குருவானவர் அவர். இலங்கைக் கத்தோலிக்கரின் அவலநிலையைக் கேள்வியுற்று, தமிழ் கற்று, கூலியாள் வேடத்தில் 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். கடும் வயிற்றோட்டத்தால் மரணவாசல்வரை சென்று மீண்டார். எவர் கத்தோலிக்கர் என்று அறிவது எங்ஙனம்? கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டதும் முகம் மலர்ந்தோரை இனங்கண்டார். செபமாலையின் பொருளை அவ்வீட்டாருக்கு முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வைத்தவர்கள் தாய்மாரும் பாட்டிமாருமன்றி வேறு யார்?

சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தனர். 1692இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தால் சிறைப்பட்டார். பின்னர் மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியனின் நன்மதிப்பைப் பெற்றார். 1697இல் அம்மை நோய் பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைத் தம் கையாலேயே பேணினார். குரு வரவியலாத ஊர்களில் செபம் நடத்தவும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டவும் மூப்பர், அண்ணாவி எனப் பொதுநிலையினரை நியமித்தார். 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 2015இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அடிகளார் நடந்த நாளில் இம்மலைகளில் தேயிலை இல்லை. இன்று உடப்புசல்லாவை போன்ற தோட்டப்புறங்களில் திருப்பலிக்காக வெகுதூரம் நடப்போர் உளர். தாய் வெளிநாட்டிலும் தந்தை கொழும்பிலும் உழைக்க, லயத்து வீட்டில் பாட்டியின் நிழலில் வளரும் பிள்ளைகளும் பலர். அப்பாட்டி மாலையில் விளக்கேற்றிச் செபமாலையைக் கையிலெடுத்தால், பேரப்பிள்ளை ஏனென்று கேட்கும். எடுக்காவிடில் கேள்வியே பிறவாது. கேள்வி பிறவாத வீட்டில் கையளிக்க எதுவும் எஞ்சாது.

அன்பார்ந்த பெற்றோரே, நம் பிள்ளைகள் கேட்கும்படியாக இன்று மாலை நம் இல்லத்தில் என்ன நிகழப்போகின்றது?