பேச்சின் இருப்பிடம் கண்ட டாக்டர் புரோகா

நாம் பேசுவது வாயால். ஆனால் பேச்சு பிறக்கும் இடம் மூளை. அதுவும் பெரும்பாலோருக்கு மூளையின் இடது பாகம். இதை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் பால் புரோகா.

பிரான்சு நாட்டில் 1824-ம் ஆண்டு பிறந்தார். தந்தை ஒரு டாக்டர். மகனும் 17-வது வயதில் பாரிசு நகரில் வைத்தியப் படிப்பில் சேர்ந்தார். அறுவைச் சிகிச்சையில் பெயர் பெற்றார்.

டான், டான்!

1861-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். பாரிசுக்கு அருகே பிசேத்திர் ஆஸ்பத்திரி. 51 வயது நோயாளி ஒருவரைப் புரோகாவிடம் கொண்டு வந்தார்கள். அவருக்குக் கால் அழுகிப்போயிருந்தது. 21 ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. எதைக் கேட்டாலும் டான், டான் என்பார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. ஆனால் பிறர் பேசுவது அவருக்குப் புரிந்தது. ஜாடையால் பதில் சொன்னார்.

சில நாட்களில் அவர் இறந்தார். புரோகா அவர் மூளையைச் சோதித்தார். இடது பாகத்தில், நெற்றிப் பக்கம், ஓர் இடம் கெட்டிருந்தது. பேச்சிழந்த வேறு பலரையும் ஆராய்ந்தார். அங்கும் இடது பாகமே கெட்டிருந்தது. 1865-ல் தம் முடிவை வெளியிட்டார். அந்த இடத்துக்குப் புரோகாவின் பெயரே நிலைத்துவிட்டது.

தராசு செய்த பிழை

மேதையும் தவறுவது உண்டு. ஆண்களின் மூளை சராசரி 1,325 கிராம், பெண்களின் மூளை 1,144 கிராம் என்று எடை போட்டார் புரோகா. பெண்களுக்கு அறிவு குறைவு என்பதும் இதற்கு ஒரு காரணம் என எண்ணினார். அது பிழை. உடல் சிறிதானால் மூளையும் சிறிது. அறிவைத் தராசில் நிறுக்க முடியாது.

1880-ல் தமது 56-வது வயதில் புரோகா காலமானார்.

காது சொன்ன உண்மை

1961-ல் கனடாவில் டோரீன் கிமுரா என்ற பெண் விஞ்ஞானி ஒரு சோதனையை வெளியிட்டார். இரு காதிலும் ஒரே சமயத்தில் வெவ்வேறு எண்களை ஒலிக்கச் செய்தார். வலது காதில் விழுந்தவையே அதிகம் நினைவில் நின்றன. வலது காதின் செய்தி இடது மூளைக்கு வலுவாகச் செல்வதே காரணம்.

இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்குப் பேச்சு வலது மூளையில் இருக்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அதுவும் சரியல்ல. அவர்களிலும் பத்தில் ஏழு பேருக்கு இடது மூளைதான். ஆண், பெண் வித்தியாசமோ மிகச் சிறியது.

ஆகவே, இடது கையால் எழுதும் பிள்ளையை அடிக்காதீர்கள். பக்கவாதத்தால் பேச்சிழந்த பெரியவர் வீட்டில் இருந்தால், அவர் எதிரே பார்த்துப் பேசுங்கள். டானைப் போல, அவருக்கும் எல்லாம் புரியக்கூடும்.